விலாவுக்குக் கீழே நான்கு விரல்

ஹில்டிங் தன் அறுபத்து மூன்று வயதுக்குள் சுகாதார நிலையத்தின் வாசலை மிதித்தது மொத்தம் மூன்று முறை. மூன்றும் அடுத்தவரைக் கொண்டுபோய் விடுவதற்காக. ஒருமுறை கோடரியால் காலை வெட்டிக்கொண்ட தம்பி, ஒருமுறை பிரசவ வலியோடு மனைவி சோல்பிரித், ஒருமுறை தொண்டையில் மீன் முள்ளோடு பாதிரியார். தன்னையும் ஒருவர் இப்படி இழுத்துக்கொண்டு போவார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் இந்த ஞாயிற்றுக்கிழமையில்.

மறுநாள் செப்டம்பரின் முதல் திங்கள். வடகோடியில் அவர் ஊரான கிரான்மீரானில் அன்று மர அறுப்பு ஆலை ஓடாது, பள்ளிக்கூடத்தில் பாதிப் பெஞ்சு காலி, கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வர மாட்டான். மூஸ் மான் வேட்டை தொடங்கும் நாள். சோல்பிரித்தையும் சேர்த்துப் பத்தொன்பது பேர் கொண்ட ஊர்க் குழுவுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஹில்டிங்தான் தலைவர். யார் எந்தப் பாறையடியில் நிற்பது, நாயை எந்தப் பக்கத்திலிருந்து விடுவது, யார் வாயை மூடிக்கொண்டு இருப்பது, எல்லாம் அவர் சொல்வதுதான். போன வேட்டையில் தப்பிப்போன ஒரு பெரிய கொம்பன் மூஸ் இந்த வருஷமும் சதுப்பு நிலத்தின் வடக்கே திரிவதைப் பார்த்துவைத்திருந்தார். அதை விட்டுவிட்டுப் படுக்கையில் கிடப்பதற்குச் செத்துப்போகலாம் என்பது அவர் கட்சி.

வலி வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. வறுத்த பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் ஒரு பிடி பிடித்துவிட்டு எழுந்தவரை வலது விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையால் இடித்தமாதிரி இருந்தது. வாயு என்றார். வெள்ளிக்கிழமையும் வாயு என்றார். சனிக்கிழமை குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை சோல்பிரித் பார்த்துவிட்டாள்.

"நாளைக்கழிச்சு காட்டுலேர்ந்து மூஸோட சேத்து உன்னையும் நான் இழுத்துட்டு வரணுமா?" என்றாள். "ஒரே நாள்ல ரெண்டு எருமைய இழுக்க எனக்குத் தெம்பு இல்ல. காலைல கார்ல ஏறு."

ஹில்டிங் ஏறினார். ஆனால் சும்மா ஏறவில்லை. திட்டத்தோடு ஏறினார். காய்ச்சல் தெரியக்கூடாது என்று சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரைகளைப் போட்டுத் தண்ணீரில்லாமல் விழுங்கினார். இன்னொரு சங்கதியும் இந்த மூன்று நாளில் அவருக்குப் பிடிபட்டிருந்தது. மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தால்தான் வலி கொல்லும். வயிற்றை அசைக்காமல் நெஞ்சையும் தோளையும் மட்டும் தூக்கினால் பார்ப்பவருக்கு அது பெரிய மூச்சாகத் தெரியும், உள்ளே ஒன்றும் நடக்காது. துப்பாக்கியைத் தோளில் வைத்து நாற்பது வருஷம் மூச்சைக் கட்டி ஆண்ட மனிதருக்கு இது ஒரு வித்தையா? முகத்தை மரக்கட்டைமாதிரி வைத்துக்கொள்வது அதைவிட எளிது. அந்த ஊரில் பிறந்தாலே அது வந்துவிடும்.

ஞாயிறு முறையில் இருந்தவர் டாக்டர் பெர்னில்லா. நாட்டின் தெற்குக் கோடியில், பன்றிப் பண்ணை நடத்தும் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே வந்து ஆறு வருஷம். வந்த முதல் குளிர்காலத்தில் அவர் பட்ட பாட்டை ஊரே சொல்லிச் சிரிக்கும். கிரான்மீரான்காரர்கள் ஆமாம் என்பதை வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே ஒரு இழு இழுப்பார்கள், ஷுப் என்று. அவ்வளவுதான் ஆமாம். அரைமனசு என்றால் குட்டி இழுப்பு, மனசார என்றால் அடிவயிறு வரை போகும் இழுப்பு. பெர்னில்லா அது தெரியாமல், ஊர் முழுக்க ஆஸ்துமா என்று நினைத்து, தபால்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் மூச்சுக்குழல் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். தபால்காரர் மரியாதைக்காக ஒரு மாதம் அதை உறிஞ்சினார்.

அங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி, நீ போட்டுத்தான் பேசுவார்கள். டாக்டருக்கும் அதே கதிதான், பாதிரியாருக்கும் அதே கதிதான்.

"என்ன ஹில்டிங், வேட்டைக்கு முந்தின நாள் எங்கிட்ட வந்திருக்க? வழி தவறிட்டியா?" என்றார் பெர்னில்லா.

"நான் வரல. இவ கொண்டுவந்தா. வாயு. ஒரு மாத்திரைய குடு, போறேன்."

"குடுக்கறேன். முதல்ல சட்டையக் கழட்டிட்டுப் படு."

காய்ச்சல் பார்த்தார், இல்லை. கண்ணின் வெள்ளையைப் பார்த்தார், வெள்ளையாகத்தான் இருந்தது. நாக்கைப் பார்த்தார், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஹில்டிங்குக்குப் புரியவில்லை. பிறகு கைகளை வெந்நீரில் காட்டித் துடைத்துக்கொண்டு கட்டிலின் வலது பக்கம் வந்து நின்றார். நேரே வலிக்கும் இடத்துக்கு வருவார் என்று ஹில்டிங் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் வரவில்லை. இடது அடிவயிற்றில் தொடங்கி, கை மெல்ல ஊர்ந்தது. அழுத்தும், நிற்கும், தளரும், நகரும். அந்தக் கைக்கு அவசரமே இல்லை. ஹில்டிங்குக்கே அது பழக்கமான நடை. மானுக்குப் பின்னால் தான் நடக்கும் நடை அது.

கடைசியில் வந்தே விட்டது. நான்கு விரல்களும் சேர்ந்து வலது விலா எலும்பின் விளிம்புக்குக் கீழே, உள்நோக்கி மேலே கொக்கிபோல மடங்கி அமர்ந்தன.

"இப்ப நல்லா ஆழமா மூச்ச இழு."

ஹில்டிங் தோளைத் தூக்கினார், நெஞ்சை விரித்தார், மூக்கில் சத்தம் கூடக் கொடுத்தார். வயிறு அசையவில்லை.

"வலிக்குதா?"

"இல்லியே."

"இன்னொரு தரம்."

இன்னொரு தரமும் நெஞ்சு விரிந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. சோல்பிரித் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஹில்டிங் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஜெயித்தாயிற்று.

ஆனால் பெர்னில்லா கையை எடுக்கவில்லை. வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே பிர்ச் மரங்களைப் பார்த்தபடி ஊர்வம்பு பேச ஆரம்பித்துவிட்டார்.

"அந்தப் பெரிய கொம்பன் இந்த வருஷமும் இருக்காமே?"

"இருக்கான். போன செவ்வாய்க்கிழமை பார்த்தேன். கொம்புல பதினாலு முனை."

"சதுப்புக்கு வடக்கயா?"

"வடக்கதான். காலைல தண்ணிக்கு வருவான். திரும்பிப் போறப்போ அந்தப் பழைய ஓடைக்கரையிலதான் ஏறுவான், வேற வழி கிடையாது." ஹில்டிங் கட்டிலில் கிடப்பதையே மறந்துவிட்டார். கண்முன்னால் பனிமூட்டம், ஓடை, ஈரப்பாசி.

"அப்ப நாளைக்கு நீ அந்த ஓடைக்கரையில நின்னா, அவன் நேரா உன் முன்னாலதான் வந்து நிப்பான். இல்ல?"

இதைவிட மனசார ஒப்புக்கொள்ளும் கேள்வியை ஹில்டிங்கிடம் யாரும் கேட்டதில்லை. உதடு தானாகக் குவிந்தது. மூச்சு தானாக உள்ளே பாய்ந்தது, அடிவயிறு வரை போகும் பெரிய ஆமாம்.

பாதியில் நின்றது.

அவர் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று நினைக்கக்கூட நேரமில்லை. மூச்சு வந்த வழியில் ஏதோ ஒன்று குறுக்கே நின்று அதைத் துண்டாக வெட்டிவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது, கண் பிதுங்கியது, கட்டில் விளிம்பைப் பிடித்த கை வெளுத்துப்போனது.

பெர்னில்லா விரல்களைத் தளர்த்தினார். "அதுதான்" என்றார் மெதுவாக.

"ஏமாத்திட்ட" என்றார் ஹில்டிங், பேச்சு திரும்பியதும்.

"நானா? காலைலேர்ந்து ஏமாத்தறது யாரு?"

"கார்ல ரெண்டு மாத்திரைய முழுங்கினதையும் சொல்லு அவகிட்ட!" என்றாள் சோல்பிரித். "கண்ணாடியில பாத்துட்டுதான் ஓட்டினேன். நான் என்ன குருடின்னு நெனச்சியா?"

பெர்னில்லா இடது பக்கம் அதே இடத்தில் கையை வைத்து இன்னொரு ஆமாம் வாங்கினார். அது தடையில்லாமல் முழுசாகப் போயிற்று. வலது பக்கம் மறுபடியும் வைத்தார். பாதியில் நின்றது. மூன்று நாளாகத் தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியத்தை, தான் பூட்டிவைத்த இடத்திலிருந்து, தன் மூச்சே எடுத்துக் கொடுத்துவிட்டது.

"பித்தப்பை வீங்கியிருக்கு, ஹில்டிங். உள்ள கல் அடைச்சிருக்கும். நீ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னைக்கே."

ஹில்டிங் எழுந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்துவிட்டது. இப்போது அவர் காலடியில் கெட்டியான தரை.

"பித்தப்பையா? அப்படி ஒண்ணு அங்க கிடையாது."

"என்னது?"

"ஈரலுக்குக் கீழ பை ஒண்ணும் கிடையாது. இருநூறு மூஸ இந்தக் கையால கிழிச்சிருக்கேன். ஈரல எடுக்கறதே நான்தான், வேற யாரையும் தொட விட மாட்டேன். அடிப்பக்கம் வழவழன்னு சுத்தமா இருக்கும். பை இருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா? படிச்சவ நீ புஸ்தகத்துல பாத்திருப்ப. நான் நேர்ல பாத்திருக்கேன்."

பெர்னில்லா சிரித்த சிரிப்பில் கழுத்தில் தொங்கிய காதுக்குழாய் கழன்று விழுந்தது. சோல்பிரித்துக்கு எதற்குச் சிரிப்பு என்று தெரியாமலே சிரிப்பு வந்துவிட்டது.

"மூஸுக்குப் பித்தப்பை கிடையாது, ஹில்டிங். மான் ஜாதிக்கே அநேகமா கிடையாது. எங்க வீட்டுப் பன்னிக்கு உண்டு. உனக்கும் உண்டு."

"நம்ப மாட்டேன்."

"நம்பாத. படு. உன் கைய குடு."

அவருடைய தடித்த வலது கையை எடுத்து, நான்கு விரல்களைச் சேர்த்து, அவருடைய விலாவின் விளிம்புக்குக் கீழேயே மடக்கி வைத்தார். தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினார். "இப்ப மெதுவா இழு. ரொம்ப மெதுவா. வலி வர்ற இடத்துல நிறுத்திக்கோ."

ஹில்டிங் இழுத்தார். முதலில் ஒன்றுமில்லை, தன் தசை, தன் சூடு. மூச்சு கொஞ்சம் இறங்கியது. அதோடு சேர்ந்து உள்ளே பெரிய ஒன்று, ஈரலாகத்தான் இருக்க வேண்டும், மெல்ல வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. உருண்டையாக, இறுக்கமாக, முட்டை அளவில். அது வந்து அவருடைய நடுவிரல் நுனியைத் தொட்டது. தொட்ட அதே நொடியில் வலி தெறித்து மூச்சு நின்றது.

மூச்சை விட்டார். அது மேலே ஏறி எலும்புக்குப் பின்னால் மறைந்தது. கேட்காமலே இன்னொருமுறை இழுத்தார். மறுபடி இறங்கி வந்து விரலைத் தொட்டது.

ஹில்டிங்குக்கு உடம்பு சிலிர்த்தது. இருநூறு உடல்களைத் திறந்து பார்த்தவர், இத்தனை காலம் தான் குடியிருந்த உடலை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. உள்ளே தனக்குத் தெரியாமல் ஒன்று இருந்திருக்கிறது. அவர் இழுத்த ஒவ்வொரு மூச்சுக்கும் இறங்கி ஏறியிருக்கிறது, தூங்கும்போதும், சுடும்போதும், சோல்பிரித்தோடு சண்டை போடும்போதும். பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக அதிசயமாக இருந்தது. மாதாகோவிலில்கூட அவர் இப்படி வாயைப் பிளந்ததில்லை.

"இருக்கு" என்றார் குழந்தைமாதிரி.

"இருக்கு" என்றார் பெர்னில்லா. அவரும் சிரிக்கவில்லை. எத்தனையோ பேருக்குப் பார்த்த கை அது, ஆனாலும் ஹில்டிங் முகத்தில் இருந்த அதிசயமே அப்போது அவர் முகத்திலும் இருந்தது.

ஆனால் அதிசயம் வேறு, வேட்டை வேறு. பிடிவாதம் திரும்ப ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வியாழக்கிழமை போகிறேன் என்றார். புதன் என்று இறங்கினார். செவ்வாய்க்குக் கீழே ஒரு அடி இறங்க மாட்டேன் என்றார். பெர்னில்லா காது கொடுக்காமல் ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசி செய்தார். ஊர் வண்டி ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. நூற்று இருபது கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரி ஊரிலிருந்துதான் வர வேண்டும், ஒன்றரை மணி நேரம். வண்டி வந்தாலும் ஏற மாட்டேன் என்றார் ஹில்டிங். கையில் ஊசி ஏற்றி மருந்துநீர் போட விடவில்லை. நீட்டிய கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார்.

"செத்தா உன்ன அந்த ஓடைக்கரையிலயே பொதைக்கறேன்" என்றாள் சோல்பிரித். "கொம்பன் தெனமும் உன் மேல மூத்திரம் போயிட்டுப் போகட்டும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

பதினொன்றரை மணி இருக்கும். ஹில்டிங் சட்டென்று நிமிர்ந்தார்.

"போயிடுச்சு" என்றார்.

"என்ன போயிடுச்சு?"

"வலி. சுத்தமா போயிடுச்சு!" கட்டிலிலிருந்து இறங்கி நின்றார். குனிந்தார், நிமிர்ந்தார், மூன்று நாளாகத் தொட முடியாத பூட்ஸ் கயிற்றை ஒரே இழுப்பில் கட்டினார். வயிறு முட்ட மூச்சை இழுத்துவிட்டுக் கையை விரித்துக் காட்டினார். சோல்பிரித் எழுந்தோடி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கல் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஹில்டிங் மேல்சட்டையை எடுத்தார். "சரி பெர்னில்லா, அந்த வண்டிக்காரன திரும்பிப் போகச் சொல்லு. நாளைக்கு உனக்கு ஈரல்ல ஒரு துண்டு அனுப்பறேன்."

"ஒரே ஒரு தரம் படு" என்றார் பெர்னில்லா.

படுத்தார். நான்கு விரல்களும் அதே இடத்துக்கு வந்தன. இழுத்தார். மூச்சு எந்தத் தடையும் இல்லாமல் அடிவரை இறங்கியது. "பாத்தியா?" என்றார். ஷுப் என்று ஒன்று இழுத்துக் காட்டினார். அதுவும் முழுசாகப் போனது. "பாத்தியா?"

ஹில்டிங் தலையைத் திருப்பிப் பெர்னில்லாவைப் பார்த்தார். கை அசையாமல் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"மெதுவா போச்சா, திடீர்னா?"

"திடீர்னு. வெளக்க அணைச்ச மாதிரி."

"ஹில்டிங், அந்தப் பை இன்னும் அங்கயேதான் இருக்கு. என் விரல்ல படுது. வீக்கம் கொஞ்சமும் கொறையல." அவர் குரல் தாழ்ந்தது. "வலி போகல. வலிய சொல்லிட்டிருந்தது செத்துப்போச்சு. பையோட சுவர் அழுக ஆரம்பிச்சிருக்குன்னு நெனைக்கறேன். அது கிழிஞ்சா உள்ள இருக்கறதெல்லாம் வயித்துல கொட்டும்."

"எனக்கு நல்லாத்தான இருக்கு."

"தெரியும். அதான் பயமா இருக்கு. எனக்கு ரொம்ப பயமா இருக்கு, ஹில்டிங்."

டாக்டர் ஒருத்தர் பயமாக இருக்கிறது என்று சொல்லி அவர் கேட்டதில்லை. ஹில்டிங் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். உடம்பில் ஒவ்வொரு அங்குலமும் எழுந்து போ என்றது. கால் போ என்றது, நெஞ்சு போ என்றது, மூன்று நாளாக இல்லாத பசி கூட வந்திருந்தது. இல்லை என்று சொல்ல உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது, விலாவுக்குக் கீழே இருந்த அந்த நான்கு விரல். காலையில் அவர் வாய் இல்லை என்றது, முகம் இல்லை என்றது, விரல்கள் மட்டும் இருக்கிறது என்றன. விரல்கள்தான் சரி. இப்போது எதை நம்புவது?

சட்டைக்குள் இழுத்து வைத்திருந்த கையை வெளியே எடுத்து நீட்டினார். "ஊசிய போடு" என்றார்.

பிறகு கால்சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காட்டு வரைபடத்தை எடுத்து சோல்பிரித்திடம் கொடுத்தார். பத்தொன்பது பேரின் இடமும் அதில் பென்சிலால் குறித்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அதை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. "நாளைக்கு நீ கூட்டிட்டுப் போ" என்றார். "ஓடைக்கரையில நீயே நில்லு. உன்னவிட நல்லா சுடறவன் அந்தக் கும்பல்ல எவன் இருக்கான்?"

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தவள் இப்போது அதைக் கேட்டு வரைபடத்தை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

வண்டி வரும்வரை பெர்னில்லா மேசையில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதினார். எழுதியதை உறையில் போட்டு வண்டிக்காரரிடம் கொடுத்து, "இத மருத்துவர் கைல குடு, மேசை மேல வைக்காத" என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் காலை ஹில்டிங் பெரிய ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலருகே பெரிய கைகளும் வழுக்கைத் தலையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஹில்டிங்கின் வயிற்றைத் திறந்தவர் அவர்தான்.

"கரிக்கட்டை மாதிரி கறுத்துப் போயிருந்துச்சு" என்றார் அறுவை மருத்துவர். "ஈரக் காகிதம் மாதிரி. நான் தொட்டதும் என் கையிலயே கிழிஞ்சுது. என் மேசையில கிழிஞ்சதால கழுவி எடுத்தேன். காட்டுல கிழிஞ்சிருந்தா நீ ராத்திரி வரைக்கும் தாங்கியிருக்க மாட்ட."

ஹில்டிங் போர்வைக்கு அடியில் விலாவின் கட்டைத் தடவிப் பார்த்தார்.

"நேத்து நீ வந்தப்ப காய்ச்சல் இல்ல, வலி இல்ல, வயித்த அமுக்கினா சிரிக்கற. சாப்பாடு இருக்கான்னு கேட்ட, ஞாபகம் இருக்கா? எங்கிட்ட வேல பாக்கற சின்ன டாக்டர் பசங்க ரெண்டு பேரும் உன்ன வார்டுல படுக்க வச்சு, காலைல பாத்துக்கலாம்னு சொன்னாங்க. நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். அப்பதான் வண்டிக்காரன் இந்தக் கடிதத்த குடுத்தான்."

"என்ன எழுதியிருந்தா?"

மருத்துவர் வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து உறையை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"'அறுபத்து மூன்று வயது. காலை பத்து மணிக்கு வலி இருந்தது, மூச்சு பாதியில் நின்றது, என் விரலால் அறிந்தேன். பதினொன்றரைக்கு வலி போய்விட்டது, பை அப்படியே இருக்கிறது. இவர் நன்றாக இருப்பதாகச் சொல்வார். பார்க்கவும் நன்றாகத்தான் இருப்பார். நம்பாதே. உடனே திற.'"

ஹில்டிங் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. துடைக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

"இன்னொரு தரம் படி" என்றார்.

மருத்துவர் படித்தார். மூன்றாவது தடவையும் கேட்டபோது கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.